இரண்டு தாள்களும் ஒரு பிரதமரும்

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் நிற்கிறீர்கள். நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. நீளமாக ஒரு 'பீப்' ஒலி. 2024 மக்களவைத் தேர்தலில் 64 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஆனால், அவர்களில் ஒருவர்கூடப் பிரதமர் பதவிக்கு வாக்களிக்கவில்லை. வாக்களித்திருக்கவும் முடியாது. அப்படியொரு பொத்தான் அந்த இயந்திரத்திலேயே கிடையாது.

இருந்தும், எண்ணிக்கை முடிந்த சில நாட்களில் ஒருவர் குடியரசுத் தலைவர் முன்னால் நின்று பிரதமராக உறுதிமொழி ஏற்றார். நம் விரல் கொடுத்த அழுத்தம் எந்த வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது? வாக்குகள் எம்.பி.யைத் தருகின்றன, எம்.பி.க்கள் பெரும்பான்மையைத் தருகிறார்கள். பெரும்பான்மை ஒரு தலைவரைத் தருகிறது. சொல்லிவிட எளிதுதான். இந்த ஒவ்வொரு படிக்குள்ளும் அசத்தலான நுட்பங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலில் வருவது ரசாயனம், அடுத்தது மின்னணுவியல், பிறகு கணக்கு. கடைசியில் வருபவை வெறும் இரண்டு தாள்கள். எல்லாவற்றிலும் வலிமை மிக்கவை அவைதாம்.

நகத்தில் எழுதிய வெள்ளி

ஒருவருக்கு ஒரு வாக்கு. 2024-ல் 97 கோடி வாக்காளர்கள் இருந்த நாட்டில் இந்தக் கொள்கையைக் காப்பாற்றுவது இடது ஆள்காட்டி விரலில் போடும் ஒரு கோடு. 1962 தேர்தலிலிருந்து அந்த மையைத் தயாரித்துத் தருவது கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். செய்முறையை உருவாக்கியது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

மையின் உயிர், சில்வர் நைட்ரேட் எனும் வெள்ளி உப்பு. தோலில் இயல்பாக இருக்கும் உப்போடு சேர்ந்ததும் அது சில்வர் குளோரைடாக மாறுகிறது. இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும். பழைய புகைப்படச் சுருளில் படம் பதிந்ததும் வெள்ளி உப்புகளின் இதே குணத்தால்தான். சோப்புக்கோ எண்ணெய்க்கோ இந்தக் கறை அசைந்து கொடுக்காது. தோல் உரிந்து புதிதாகும்போது தோலில் இருக்கும் கறை மறையும். நகத்தில் இருப்பதோ நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை, மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் நகமும் தோலும் சேருமிடத்தில் மையை இழுக்கிறார்கள்.

கட்சி தெரியாத இயந்திரம்

மறைப்புக்குள் நீங்கள் அழுத்துவது வாக்குப்பதிவுக் கருவி. உங்கள் வாக்கு அதற்குள் தங்குவதில்லை. கம்பி வழியாக ஓடி, அலுவலரின் கண்முன்னால் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் போய் அமர்கிறது. நடுவில் இருப்பது விவிபாட் எனும் ஒப்புகைச்சீட்டு இயந்திரம். நீங்கள் அழுத்திய பெயரையும் சின்னத்தையும் சீட்டில் அச்சிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி காட்டிவிட்டு, பூட்டிய பெட்டிக்குள் விழச்செய்யும்.

அலுவலர் தன் கருவியில் உள்ள 'பேலட்' பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் கருவிக்கு உயிர் வரும். ஓர் அனுமதிக்கு ஒரு வாக்கு. பதற்றத்தில் ஒருவர் பத்து முறை அழுத்தினாலும் முதல் அழுத்தம் மட்டுமே கணக்கு. நிமிடத்துக்கு நான்கு வாக்குகளுக்கு மேல் பதியாதபடி வேகத்தடையும் வைத்திருக்கிறார்கள். வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றிய கும்பல், கட்டுக் கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிவிட முடிந்தது. இன்று ஆயிரம் கள்ள ஓட்டுப் போட வேண்டுமானால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஊர் திரண்டுவிடும், காவல்துறையும் வந்துவிடும்.

இதைவிட அழகான நுட்பம் ஒன்று உண்டு. வாக்கைச் சேமிக்கும் கருவிக்குக் கட்சி எதுவும் தெரியாது. எத்தனையாவது பொத்தான் அழுத்தப்பட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் யார் பெயர் வரும் என்பதைத் தீர்மானிப்பது அகரவரிசை. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவுபெற்ற மற்றக் கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயரின் எழுத்துப்படி வரிசை. அதனால் ஒரே கட்சி ஒரு தொகுதியில் முதல் பொத்தானிலும் பக்கத்துத் தொகுதியில் மூன்றாவது பொத்தானிலும் இருக்கும். எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்குப் போகும், பிறகு எந்தச் சாவடிக்குப் போகும் என்பதைக் கணினி இரண்டு கட்டமாகக் குலுக்கிப் போடுகிறது. முதல் குலுக்கலின்போது வேட்பாளர் பட்டியலே இறுதியாகியிருக்காது. முன்கூட்டியே ஓர் இயந்திரத்தில் கைவைக்க நினைப்பவருக்கு, எந்தப் பொத்தானுக்குச் சாதகமாக வைப்பது என்றே தெரியாது.

தமிழ் வாசகர்கள் பெருமைப்பட இதில் ஒரு காரணம் இருக்கிறது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் எஸ். ரங்கராஜன். நமக்கு அவர் எழுத்தாளர் சுஜாதா.

இயந்திரம் முதலில் களமிறங்கியது 1982-ல், கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 50 சாவடிகளில். 123 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. தோற்றவர் நீதிமன்றம் போனார். சட்டத்தில் வாக்குச்சீட்டுதான் இருக்கிறது, இயந்திரம் எங்கே இருக்கிறது என்பதே வழக்கின் சாரம். 1984-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த 50 சாவடிகளில் வாக்குச்சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்தது; முன்பு தோற்றவர் வென்றார். இயந்திரத்தில் பிழை இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் சட்டம் சொல்லாத வழியில் வந்த வெற்றி செல்லாது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரம் திரும்பி வந்தது. 2004-ல் 543 தொகுதிகளிலும் அதுதான்.

வாக்குச்சீட்டுக் காலத்தின் உச்சக்கட்டச் சோதனை நம்மூரில் நடந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் களத்தில் நின்றார்கள். தங்கள் குறைகள் மீது நாட்டின் பார்வையைத் திருப்ப விவசாயிகள் கையிலெடுத்த வழி அது. வாக்குச்சீட்டை அங்கே புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. மக்களவைக்கான வைப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் ஆனது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிவோர் கட்டாயமானார்கள். இன்று ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள். அப்படி 24 கருவிகளைக் கோத்துக்கொள்ளலாம்.

வாக்கு இடமாக மாறும் கணக்கு

இனி வாக்குகள் எம்.பி.க்களாக மாற வேண்டும். உலகில் இதற்குப் பல சூத்திரங்கள் இருக்கின்றன. இந்தியா எடுத்துக்கொண்டது 'முந்தியவர் வெற்றி' முறை: தொகுதியில் மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் எம்.பி.; பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஊர்க் கபடிப் போட்டியில் ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் முப்பது புள்ளியில் ஜெயித்தாலும் கோப்பை ஒன்றுதானே? அதுபோல 543 தனித்தனிப் போட்டிகள். மக்களவைத் தேர்தல்களில் 9 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர்கள் இருக்கிறார்கள்: 1989-ல் ஆந்திரத்தின் அனகாபள்ளியில் ஒருவர், 1998-ல் அன்றைய பிகாரின் ராஜ்மகலில் ஒருவர்.

இந்தச் சூத்திரம் செய்யும் மாயத்தைப் பார்க்க 2014-ல் தமிழ்நாட்டில் வந்த முடிவை எடுத்துக்கொள்ளலாம். அதிமுக பெற்ற வாக்கு 44 சதவீதம். கிடைத்த இடங்கள் 39-ல் 37. திமுக ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கியது; ஓர் இடம்கூட இல்லை. பாஜக சுமார் ஐந்தரை சதவீதம், பாமக சுமார் நாலரை சதவீதம். இரண்டுக்கும் தலா ஓர் இடம்! காரணம் எளிது. திமுகவின் வாக்குகள் மாநிலம் முழுக்கப் பரவிக் கிடந்ததால் எல்லா இடத்திலும் பின்தங்கின. பாமகவின் வாக்கு தருமபுரியிலும் பாஜகவின் வாக்கு கன்னியாகுமரியிலும் திரண்டிருந்தன. எத்தனை வாக்கு என்ற கேள்வியோடு, அவை எங்கே இருக்கின்றன என்ற கேள்வியும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது. அதே ஆண்டு நாடு முழுவதும் 2 கோடிக்கு மேல் வாக்குகள் பெற்று மூன்றாம் இடத்தில் வந்த பகுஜன் சமாஜுக்கு மக்களவையில் ஓர் இருக்கைகூட இல்லை. 31 சதவீதம் பெற்ற பாஜகவுக்கோ 282 இடங்கள், தனிப் பெரும்பான்மை.

தொகுதிகளும் ஒரே அளவு இல்லை. சராசரியாக ஒரு தொகுதிக்கு 18 லட்சம் வாக்காளர்கள். 2024-ல் லட்சத்தீவில் 60 ஆயிரத்துக்கும் குறைவு. தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் 37 லட்சத்துக்கும் மேல். இரண்டு இடத்திலிருந்தும் வருவது ஓர் எம்.பி.தான்.

விகிதாசாரப்படி இடங்களைப் பகிரலாமே என்ற யோசனை அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது சிக்கலானது, அவை சிறு சிறு குழுக்களாகச் சிதறினால் நிலையான அரசு அமையாது என்பவை அவர் சொன்ன காரணங்கள். வெற்றியைப் பெரிதாக்கிக் காட்டும் இந்தக் கணக்கு, நிலையான அரசு வேண்டும் என்று தெரிந்தே செய்த தேர்வு. கூட்டணி பேசும் காலத்தில் கட்சிகள் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஏன் அப்படிப் பாடுபடுகின்றன என்பதும் இங்கே விளங்கிவிடும். சிதறினால் பூஜ்யம், சேர்ந்தால் வெற்றி.

முதல் தாள்: படிவம் பி

இப்போது கட்சிக்குள் நுழைவோம். ஒரு கட்சியின் தலைமைக்கு இருக்கும் மிகப் பெரிய அதிகாரம் எது? மேடையா, கொடியா, கூட்டமா? தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்கு வந்துசேரும் ஒரு தாள்தான். அதன் பெயர் படிவம் பி. 'எங்கள் கட்சியின் வேட்பாளர் இவர்' என்று அது சொல்கிறது. அதில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சொல்வது படிவம் ஏ. இரண்டும் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வந்து சேர வேண்டும். கையெழுத்து மையால் போட்டதாக இருக்க வேண்டும். ரப்பர் முத்திரையோ நகலோ செல்லாது. முப்பது ஆண்டுகள் கட்சிக்கு உழைத்தவராக இருந்தாலும் அந்தத் தாள் இல்லாவிட்டால் கட்சிச் சின்னம் கிடையாது. அவர் சுயேச்சை.

முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் வாக்களிக்க வழிசெய்ய வந்தவை சின்னங்கள். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம். நாளடைவில் சின்னமே கட்சியின் உருவமாகிவிட்டது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில், தொடங்கி ஓராண்டுகூட ஆகாத அதிமுக 'இரட்டை இலை'யில் நின்று வென்றது. அன்று முதல் அந்தச் சின்னத்துக்காக நடந்த போராட்டங்கள் தமிழ்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி.

கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு? இதற்கான விதி, 1968-ல் வந்த சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தி. முதல் பெரிய வழக்கு அடுத்த ஆண்டே வந்தது. 1969-ல் காங்கிரஸ் இரண்டாகப் பிரிந்தது. இந்திரா காந்தி ஒரு பக்கம். காமராஜரும் மற்ற மூத்த தலைவர்களும் மறுபக்கம். கட்சியின் சின்னமான 'இரட்டைக் காளை' யாருக்கு என்று தேர்தல் ஆணையம் தேடியபோது, எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள், கட்சியின் அகில இந்தியக் குழு உறுப்பினர்கள் ஆகியோரில் அதிகம் பேர் யார் பக்கம் என்று எண்ணிப் பார்த்தது. இந்திரா தரப்பே காங்கிரஸ் என்றது தீர்ப்பு. விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் 1971 தேர்தலில் இரு தரப்பும் புதுச் சின்னங்களில் நின்றன: ஒன்று பசுவும் கன்றும், மற்றொன்று இராட்டை நூற்கும் பெண். அந்தத் தலைகளை எண்ணும் முறையை உச்ச நீதிமன்றம் பிறகு உறுதிசெய்தது.

எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு 1989 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி தரப்பு 'இரட்டைப் புறா'விலும் ஜெயலலிதா தரப்பு 'சேவல்' சின்னத்திலும் நின்றன. தேர்தலுக்குப் பின் இரு அணியும் இணைந்ததும் இலை திரும்பியது. 2023-ல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அதே கட்சியில் இன்னும் நுணுக்கமான சிக்கல். இம்முறை சண்டை வேட்பாளர் பற்றியதோடு நிற்கவில்லை. படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதே கேள்வி. உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: கட்சியின் பொதுக்குழு வேட்பாளரை முடிவு செய்யட்டும், அவைத்தலைவர் அதை ஆணையத்துக்குத் தெரிவிக்கட்டும். ஒரு கையெழுத்துக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கட்சியின் உயிர்நாடி எங்கே ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

524 பேர் போட்ட வாக்கு

எம்.பி.க்கள் டெல்லி வந்தாயிற்று. பிரதமர் எப்படி வருகிறார்? அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆவது பிரிவைத் திறந்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. யாரை நியமிக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று சற்றுக் கீழே ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்துதான் மற்ற எல்லாம் முளைக்கின்றன. அவையின் நம்பிக்கை இல்லாதவர் ஒரு நாளும் நீடிக்க முடியாது. ஆகவே பெரும்பான்மை எம்.பி.க்கள் ஏற்கும் ஒருவரைத்தான் குடியரசுத் தலைவர் அழைத்தாக வேண்டும்.

அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு நாடாளுமன்றக் கட்சி, அதாவது ஒரு கட்சியின் எம்.பி.க்கள் மட்டும் அடங்கிய குழு. கட்சித் தலைவர் வேறு, நாடாளுமன்றக் கட்சித் தலைவர் வேறு. இந்த வேறுபாட்டின் சக்தியை நாட்டுக்குக் காட்டியவர் காமராஜர். 1964 மே மாதம் நேரு மறைந்தபோது அவர் காங்கிரஸ் தலைவர். எம்.பி.க்களையும் மூத்தவர்களையும் சந்தித்துப் பேசி, பெரும்பாலோர் மனத்தில் யார் இருக்கிறார் என்று அறிந்து, லால் பகதூர் சாஸ்திரியின் பெயரை அறிவித்தார். போட்டியே இல்லை.

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். 1964-ல் ஒதுங்கிக்கொண்ட மொரார்ஜி தேசாய் இந்த முறை ஒதுங்கவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்றார். ஜனவரி 19 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் காங்கிரஸ் எம்.பி.க்கள் ரகசியமாக வாக்களித்தார்கள். இந்திரா காந்திக்கு 355, தேசாய்க்கு 169. காமராஜரும் பல முதல்வர்களும் இந்திரா பக்கம் நின்றதன் பலன் அது. சுமார் 50 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டின் பிரதமரை 524 பேர் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விதிமீறல் எதுவும் இல்லை. நாடாளுமன்ற முறை இப்படித்தான் இயங்க வேண்டும். அப்போது இந்திரா மக்களவை உறுப்பினர்கூட இல்லை, மாநிலங்களவையில் இருந்தார்.

எம்.பி.யாகவே இல்லாதவரும் பிரதமராகலாம். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1991-ல் நரசிம்ம ராவும் 1996-ல் தேவ கவுடாவும் அப்படிப் பதவியேற்றவர்கள். 2004-ல் காங்கிரஸ் எம்.பி.க்கள் தேர்ந்தெடுத்தது சோனியா காந்தியை. அவர் பதவியை மறுக்க, மாநிலங்களவை உறுப்பினரான மன்மோகன் சிங் பத்தாண்டுகள் பிரதமராக இருந்தார்.

இரண்டாவது தாள்: கொறடா உத்தரவு

543-ல் பாதிக்கு மேல் என்றால் 272. அந்த எண்ணை ஒரு முறை தொட்டால் போதாது, ஒவ்வொரு நாளும் கையில் வைத்திருக்க வேண்டும். 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கியதும் வாஜ்பாய் நம்பிக்கை வாக்கு கோரினார். ஏப்ரல் 17 அன்று ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒடிசா முதல்வராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியிலிருந்து விலகாத கிரிதர் கமாங் எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர். 1998-ல் 37 கோடிப் பேர் வாக்களித்து உருவான அவை ஒரே வாக்கில் அரசை இறக்கியது.

எம்.பி.க்கள் சிதறாமல் காப்பவர் கொறடா, அதாவது அவையில் எப்போது இருக்க வேண்டும், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர். அவர் அனுப்பும் தாளில் வரிகளுக்கு அடியில் கோடு இருக்கும். ஒரு கோடு என்றால் தகவல். இரண்டு என்றால் அவசியம் வாருங்கள். மூன்று கோடு என்றால் கட்டளை; மீறினால் பதவியே போகலாம்.

அந்தத் தாளுக்குப் பல் முளைத்தது 1985-ல். அதுவரை அரசமைப்புச் சட்டம் அரசியல் கட்சி என்ற ஒன்றையே குறிப்பிட்டதில்லை! நாடு முழுக்கக் கட்சிகளால் இயங்கிக்கொண்டிருந்தது. அடிப்படைச் சட்டத்தில் மட்டும் அவை இல்லை. 1967-ல் ஹரியானா எம்.எல்.ஏ. கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறியது போன்ற கூத்துகளை நிறுத்த, 52-ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது அதைத்தான். கொறடா உத்தரவை மீறும் உறுப்பினரைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் அவர் பதவி இழக்க நேரிடும். மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதத்தோடு வேறு கட்சியில் இணைந்தால் மட்டும் விலக்கு.

சட்டம் தாவலைக் குறைக்க வந்தது. கூடவே இன்னொன்றும் செய்தது: கொறடாவைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு எம்.பி.யின் கையையும் பிடிக்கும் அதிகாரத்தைத் தந்தது. அந்தக் கொறடாவை நியமிப்பது யார்? சிவசேனா பிளவு வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: சபைக்குள் இருக்கும் உறுப்பினர் குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை, வெளியே இருக்கும் அரசியல் கட்சிக்கே உண்டு.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிவம் பி, அவைக்குள் நுழையும் வாசலைக் காக்கிறது. கொறடா உத்தரவு, உள்ளே போனவரின் வாக்கைக் காக்கிறது. இரண்டும் புறப்படும் இடம் ஒன்றே: கட்சித் தலைமை. அப்படியானால் இந்த முறையின் ஆகப் பெரிய கேள்வி, அந்தத் தலைமையைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார் என்பதுதான்.

பூட்டில்லாத ஒரு கதவு

உலகம் இதற்குப் பல விடைகளை முயன்றிருக்கிறது. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் பலமுறை வாக்களித்து இருவராகச் சுருக்குவார்கள். இறுதியில் தீர்ப்பு சந்தா கட்டும் கட்சி உறுப்பினர்களுடையது. 2022-ல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. உறுப்பினர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள்: டிரஸ் 81,326, சுனக் 60,399. அவையில் தன் எம்.பி.க்களின் முதல் தேர்வாக இல்லாத டிரஸ்ஸின் பதவிக்காலம் 49 நாட்களில் முடிந்தது. உறுப்பினர் விருப்பமும் எம்.பி.க்கள் விருப்பமும் விலகி நின்றால் நாடாளுமன்ற அரசு எப்படித் தள்ளாடும் என்பதற்கு அது பாடம்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகக் கொள்கைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று அதன் அடிப்படைச் சட்டமே சொல்கிறது. 1967-ல் வந்த கட்சிகள் சட்டப்படி, நிர்வாகக் குழுவை இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது தேர்ந்தெடுத்தாக வேண்டும். வேட்பாளர் தேர்வுக்கு ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம்.

இந்தியாவில்? கட்சியைப் பதிவு செய்ய 1989 முதல் சட்டம் இருக்கிறது. காலந்தோறும் உட்கட்சித் தேர்தல் நடத்துவதாகக் கட்சியின் அமைப்பு விதிகளில் இருக்க வேண்டும் என்று ஆணையம் கேட்கிறது. நடத்தாவிட்டால் பதிவை ரத்து செய்யும் பொது அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது 1999-ல். அது இன்னும் பரிந்துரைதான். 2022-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்கு, சசி தரூருக்கு 1,072. ஒரு பெரிய கட்சியில் இப்படி எண்ணிச் சொல்லும் போட்டி நடப்பது அபூர்வம். பெரும்பாலான கட்சிகளில் தலைவர்கள் போட்டியின்றியே வருகிறார்கள்.

விரலில் இழுக்கும் மைக்கு ரசாயனம் உண்டு. பொத்தானுக்கு வேகத்தடை உண்டு. இயந்திரத்துக்குக் குலுக்கல் உண்டு. படிவத்துக்கு மணிக்கணக்குகூட உண்டு. எம்.பி.யின் கைக்குப் பத்தாவது அட்டவணை உண்டு. இவ்வளவு கவனமாகப் பூட்டிய வீட்டில், இரண்டு தாள்களையும் கையில் வைத்திருக்கும் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் அறை மட்டும் பூட்டும் சன்னலும் இல்லாமல் கிடக்கிறது. நம் மக்களாட்சியின் அடுத்த கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ வேண்டும். இயந்திரத்தை உருவாக்கிய அதே பொறுமையோடும் அதே அறிவுக்கூர்மையோடும் அதைச் செய்ய நம்மால் முடியும்.

தொடங்க ஒரு வழி இருக்கிறது. கட்சிகளின் அமைப்பு விதிகளைத் தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. உங்களுக்குப் பிடித்த கட்சியின் விதிகளை எடுத்து, தலைவரையோ பொதுச்செயலாளரையோ தேர்ந்தெடுப்பவர் யார் என்று சொல்லும் விதியைத் தேடிப் படியுங்கள். கடைசியாக அந்தத் தேர்தல் எப்போது நடந்தது, எதிரே யார் நின்றார், யாருக்கு எத்தனை வாக்கு என்று உங்கள் பகுதிச் செயலாளரிடம் கேளுங்கள். உங்கள் வாக்கில் பாதி அந்த விடையில்தான் இருக்கிறது.